சத்தம் வருகிறது, படம் வரவில்லை: வாசகர் கேள்வி-பதில்

ஹோம் தியேட்டர் இணைப்புகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதங்கள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் புலம்பல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எல்லாம் காசு கொடுத்து வாங்கினேன், ஒயரையும் சரியாகத்தான் செருகியிருக்கிறேன், ஆனாலும் திரை கறுப்பாக இருக்கிறது, இல்லையென்றால் படம் மட்டமாக வருகிறது. இதற்கெல்லாம் பின்னால் பெரும்பாலும் நிற்பது நகல் தடுப்புப் பூட்டு. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சார், புதிதாக 4கே டிவி வாங்கினேன். 2012-ல் வாங்கிய ஏவி ரிசீவர் ஒன்று இருக்கிறது, ஸ்பீக்கர்கள் எல்லாம் அதில்தான். 4கே ஸ்டிக்கை ரிசீவரில் செருகி அங்கிருந்து டிவிக்கு எடுத்தால் எச்டிதான் வருகிறது. நேராக டிவியில் செருகினால் 4கே வருகிறது. கடைக்காரர் கேபிளை மாற்றச் சொன்னார். 1,800 ரூபாய் கொடுத்து மாற்றியும் பலன் இல்லை. ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தூக்கிப் போடாதீர்கள், ரிசீவர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பழைய கேபிளும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பாதிச் சோதனையை நீங்களே செய்துவிட்டீர்கள்: ரிசீவர் நடுவில் வந்தால் எச்டி, விலகினால் 4கே. அப்படியென்றால் தடை ரிசீவரில்தான்.

எச்டிஎம்ஐ ஒயரில் படக் கம்பெனிகளின் படம் திறந்தபடி போவதில்லை, பூட்டித்தான் போகிறது. அந்தப் பூட்டின் பெயர் எச்டிசிபி. இன்டெல் உருவாக்கியது, முதல் பதிப்பு 2000-ல் வந்தது. படத்தை அனுப்புகிற கருவி, அதாவது உங்கள் ஸ்டிக், எதிரில் இருப்பதைப் பார்த்து ‘உன்னிடம் சாவி இருக்கிறதா’ என்று முதலில் கேட்கும், சரியான பதில் வந்தால்தான் படத்தை விடும். நடுவில் ரிசீவர் இருந்தால் அது தனக்காகவும் பதில் சொல்ல வேண்டும், தனக்குப் பின்னால் இருக்கிற டிவிக்காகவும் பதில் சொல்ல வேண்டும். 4கே காலம் வந்தபோது பழைய பூட்டு போதாது என்று 2013-ல் எச்டிஎம்ஐ-க்கு எச்டிசிபி 2.2 என்ற பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பழைய எச்டிசிபி 1.4-க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சாவி முறையே வேறு. பூட்டுப் போட்ட 4கே படத்தை 2.2 தெரிந்த கருவிக்கு மட்டும்தான் அனுப்பலாம், மற்றவற்றுக்கு எச்டிதான் என்பது படக் கம்பெனிகளின் நிபந்தனை. உங்கள் ரிசீவர் செய்யப்பட்ட 2012-ல் இந்தப் பூட்டு எச்டிஎம்ஐ-க்கு வந்திருக்கவே இல்லை. ஸ்டிக் கேட்கிறது, ரிசீவர் பழைய சாவியைக் காட்டுகிறது, ஸ்டிக் படத்தை எச்டிக்கு இறக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

இது சிப்பில் இருக்கிற விஷயம், பெரும்பாலும் சாஃப்ட்வேர் அப்டேட்டால் தீராது. கேபிளுக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. உள்ளே இருப்பது கம்பி, அதற்குப் பூட்டும் தெரியாது, சாவியும் தெரியாது. ‘எச்டிசிபி 2.2 கேபிள்’ என்று அட்டையில் பெரிதாக அச்சடித்து இரட்டை விலைக்கு விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேபிளில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை மட்டும்தான்.

இப்போது வழியைச் சொல்கிறேன். ஸ்டிக்கை டிவியிலேயே செருகுங்கள். ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டிலிருந்து டிவியில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கிற துளைக்கு ஒரு கேபிள் போடுங்கள். அந்த ஒரே கேபிளில் டிவியிலிருந்து சத்தம் மட்டும் பின்னோக்கி ரிசீவருக்கு வரும். எச்டிஎம்ஐ 1.4-லேயே, அதாவது 2009-லேயே வந்த வசதி இது, 2012 ரிசீவரில் இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. டிவியிலும் ரிசீவரிலும் எச்டிஎம்ஐ கன்ட்ரோலை ஆன் செய்ய வேண்டும். சோனியில் இதன் பெயர் பிராவியா சிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க். ஒரே வேலைக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், குழம்ப வேண்டாம். ரிசீவரில் ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் போட்டுவிடுங்கள், 5.1 டால்பி டிஜிட்டல் அதிலேயே வரும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரச் செய்யும் டால்பி அட்மாஸ் போய்விடுமே என்று யோசிக்காதீர்கள். வீட்டு ரிசீவர்களுக்கு அட்மாஸ் வந்ததே 2014-ல்தான், உங்களுடையதில் அது எப்படியும் இல்லை. ஆக, நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

இதே நிலையில் பழைய ரிசீவர் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எச்டிஎம்ஐ 2.0’ என்று எழுதியிருப்பதை வைத்து 2.2 பூட்டும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது, இரண்டும் தனித்தனி. ஆரம்ப காலத்து 4கே கருவிகளில் வேகம் இருக்கும் பூட்டு இருக்காது, பூட்டு இருக்கும் முழு வேகம் இருக்காது. அந்தக் காலத்து டிவி சிலவற்றில் நான்கு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் ஒன்றே ஒன்றில்தான் 2.2 இருக்கும். துளைக்கு மேலே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: ஹாலில் சீலிங் வழியாக 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்து 4கே புரொஜெக்டர் மாட்டியிருக்கிறேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நொடி கறுத்து மறுபடி வருகிறது. இதுவும் பூட்டுக் கோளாறுதானா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பூட்டும் உண்டு, ஆனால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். மேலே கேபிளுக்காக வாதாடிவிட்டு இங்கே அதையே குறை சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேறு நோய்.

சாவிப் பேச்சு தொடக்கத்தில் ஒரு தடவையோடு முடிவதில்லை. படம் ஓடும்போதும் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். பழைய 1.4 பூட்டில் 128 ஃபிரேமுக்கு ஒரு தடவை, அதாவது ஏறக்குறைய 2 நொடிக்கு ஒரு தடவை. நீளக் கேபிளில் சிக்னல் தேய்ந்து அந்தப் பதில் ஒரு தடவை தப்பாக வந்தாலும் பிளேயர் படத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து பேச ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்கிற கறுப்பு அந்த இடைவெளியாக இருக்கலாம்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். முதலில் பிளேயரை புரொஜெக்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்து 2 மீட்டர் கேபிளில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கறுப்பே வரவில்லையென்றால் சீலிங் கேபிள்தான் காரணம். அப்புறம் பழையபடி 15 மீட்டரில் மாட்டி, செட்டிங்கில் 1080-க்கு, அதாவது எச்டிக்கு, இறக்கிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் கேபிளுக்கு 4கே வேகம் தாங்கவில்லை என்று அர்த்தம். 4கே 60-க்கு, அதாவது விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற 4கே படத்துக்கு, விநாடிக்கு 18 ஜிகாபிட் வரை போக வேண்டும், சாதாரண செம்புக் கேபிளை 5 மீட்டருக்கு மேல் நான் நம்ப மாட்டேன். 15 மீட்டருக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள்தான் சரி. அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் சோர்ஸ் என்றும் இன்னொன்றில் டிஸ்பிளே என்றும் எழுதியிருக்கும். மாற்றிப் போட்டு சீலிங்கை மூடிவிட்டால் மறுபடி உடைக்க வேண்டியதுதான். மூடுவதற்கு முன்னால் ஒரு முழுப் படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்யாண கேசட், 1993-ல் எடுத்தது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அவளுக்கு அனுப்பலாம் என்று விசிஆரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு யுஎஸ்பி கருவி வாங்கினோம். நடு நடுவே ‘நகல் தடுக்கப்பட்ட வீடியோ’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. எங்கள் கல்யாணத்துக்கு யார் பூட்டுப் போட்டார்கள்? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: யாரும் போடவில்லை அம்மா. கருவி தப்பாகப் புரிந்துகொள்கிறது.

கேசட் காலத்திலும் ஒரு பூட்டு இருந்தது, மேக்ரோவிஷன் என்று பெயர், 1980-களின் நடுவில் வந்தது. டிவி சிக்னலில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே திரையில் தெரியாத சில கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளில் தாறுமாறான துடிப்புகளைப் புகுத்திவிடுவார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் பதிவு செய்கிற விசிஆர் சிக்னலின் அளவைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் உள்ளது, அது இந்தத் துடிப்பைப் பார்த்து ஏமாந்து படத்தை ஒரு நேரம் இருட்டாக்கும், ஒரு நேரம் பளிச்சென்று ஆக்கும். டிவிடி பிளேயரை விசிஆர் வழியாக டிவிக்குக் கொடுத்த வீடுகளில் படம் மூச்சு விடுவது போல மங்கி மங்கி எரிந்தது ஞாபகம் இருக்கிறதா? அது இதனால்தான். அவர்கள் நகல் எடுக்கவே இல்லை, விசிஆர் வழியாக ஒயர் போனதுதான் குற்றம்.

இன்றைய யுஎஸ்பி கருவிகளின் சிப் அந்தத் துடிப்பைத் தேடிப் பார்க்கும், கண்டால் நின்றுவிடும். முப்பது வருடக் கேசட்டில் நாடா தளர்ந்து, சுருங்கி, சிக்னல் ஆடும். அந்த ஆட்டத்தைத்தான் உங்கள் கருவி பூட்டு என்று நினைத்துக்கொள்கிறது. இதற்கு நடுவில் டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி, என்ற கருவியைப் போட வேண்டும். ஆடுகிற சிக்னலை வாங்கி, வரிசைப்படுத்தி, புதிதாக்கி அனுப்பும். உங்களுக்கு ஒரு கேசட்டுக்காக அதை வாங்குவது கட்டாது. பழைய கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களில் விசாரியுங்கள், டிபிசி உள்ளேயே இருக்கிற எஸ்-விஎச்எஸ் டெக் (உயர்தர விசிஆர்) வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்கு முன் விசிஆரின் ஹெட்டைச் சுத்தம் செய்து, டிராக்கிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், வேறு விசிஆரில் போட்டும் பாருங்கள், அதிலேயே சரியாவதும் உண்டு.

இன்னொன்று முக்கியம். கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, எந்த மெஷினிலும் போடாதீர்கள். நாடாவும் கெடும், மெஷினும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். நல்லபடியாக ஓடுகிற முதல் தடவையிலேயே முழுவதையும் பதிந்துவிடுங்கள். இரண்டாவது தடவை ஓடுமா என்பது நிச்சயமில்லை.

கேள்வி: பேஸ்மென்டில் 2003-ம் ஆண்டு வாங்கிய பெரிய ரியர் புரொஜெக்‌ஷன் டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது. எச்டி டிவிதான், ஆனால் பச்சை, நீலம், சிவப்புத் துளைகள் மட்டும்தான் உண்டு. புதிய புளூ-ரே பிளேயரில் அந்தத் துளைகளே இல்லை, ஏன் எடுத்துவிட்டார்கள்? (டொராண்டோ, ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்களைப் போல முதலில் நம்பி வாங்கியவர்களுக்குத்தான் இந்த விஷயத்தில் பெரிய அநியாயம் நடந்தது. எச்டிஎம்ஐ-யின் முதல் பதிப்பே 2002 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னும் அதை ஒட்டியும் வட அமெரிக்காவில் விற்ற எச்டி டிவி பலவற்றில் நீங்கள் சொல்கிற காம்பொனென்ட் துளைகள் மட்டும்தான் இருந்தன. அந்த மூன்று ஒயரில் 1080ஐ (1080i) என்கிற எச்டி படம் அருமையாகப் போகும், ஆனால் அதில் பூட்டுப் போட வழியில்லை. படக் கம்பெனிகளுக்கு அது திறந்த கதவு.

அதனால் புளூ-ரேயின் பூட்டு முறையான ஏஏசிஎஸ்-ல் மூன்று கட்டமாக அடைத்தார்கள். டிஸ்க்கில் ஒரு குறியைப் போட்டு, காம்பொனென்ட் வழியே போகிற படத்தை 960-க்கு 540 ஆகக் குறைக்க அனுமதி வைத்துக்கொண்டார்கள். 2010 முடிவுக்குப் பிறகு தயாரிக்கும் பிளேயர்கள் காம்பொனென்டில் பழைய சாதாரணத் தரத்தில்தான் புளூ-ரே காட்டலாம் என்றார்கள். 2013 முடிவுக்குப் பிறகு தயாரிப்பவற்றில் அதுவும் கூடாது. ஐரோப்பாவில் 2005-லேயே ‘எச்டி ரெடி’ என்ற முத்திரையைக் கொண்டுவந்து, எச்டிசிபி உள்ள துளை இருந்தால்தான் அதை ஒட்டலாம் என்று விதித்ததால் வாங்குபவருக்குக் கொஞ்சம் எச்சரிக்கையாவது கிடைத்தது. உங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

2010-லோ அதற்கு முன்போ தயாரித்த பிளேயர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பிளேஸ்டேஷன் 3-ன் முதல் மாடல்களும் ஆகும். அந்த 540 குறி போடாத டிஸ்க்குகள் காம்பொனென்டில் 1080ஐ ஆகவே வரும். வாங்கியதும் ஃபர்ம்வேரைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதிய டிஸ்க்குகளைத் திறக்க மறுக்கும்.

கேள்வி: ஒரு செட்டாப் பாக்ஸ், ஒரு 4கே ஸ்டிக், ஹாலில் 4கே டிவி, படுக்கையறையில் பழைய எச்டி டிவி. ஸ்பிளிட்டர் போட்டால் இரண்டிலும் எச்டிதான் வருகிறது, சில நேரம் ஒன்றில் படமே இல்லை. எச்டிசிபியைக் கழற்றிவிடுகிற ஸ்பிளிட்டர் கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா, சட்டப்படி தப்பா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சட்டத்தை முதலில் பார்ப்போம். 2012-ல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட தடுப்பை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் என்கிறது. ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்கள் அதில் இருக்கின்றன, நீங்கள் இரண்டு அறையில் படம் பார்க்கத்தான் நினைக்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஸ்பிளிட்டரை வாங்கச் சொல்ல மாட்டேன். எச்டிசிபி உரிமத்தை மீறிச் செய்த சரக்கு அது, அட்டையில் அப்படி எழுதி விற்க மாட்டார்கள், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வேலை செய்யாமல் போனால் கேட்க ஆளும் இல்லை.

இந்தப் பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001-லேயே நீல்ஸ் பெர்குசன் என்ற டச்சு நிபுணர் இதன் ஓட்டையைக் கண்டுபிடித்தார், இப்படிப்பட்ட பூட்டை உடைப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1998 சட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து வெளியிடாமலே வைத்துக்கொண்டார். அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள், நாற்பது கருவிகளின் சாவிகள் கிடைத்தால் மூலச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று எழுதினார்கள். 2010 செப்டம்பரில் பழைய பூட்டின் மூலச்சாவி இணையத்தில் வெளியாகிவிட்டது, அது உண்மையானதுதான் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. திருட்டுப் படம் போடுகிறவனுக்கு எச்டிஎம்ஐ ஒயர் தேவையே இல்லை, டிஸ்க்கிலிருந்தே கோப்பாக எடுத்துவிடுகிறான். பூட்டோடு தினமும் மல்லுக்கட்டுவது முழுப் பணம் கொடுத்த திருநெல்வேலி வீடுதான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெட்டியின் வெளியே, விலை போட்டிருக்கிற அதே அளவு எழுத்தில், எந்தப் பூட்டுப் பதிப்பு என்று ஒவ்வொரு கம்பெனியும் அச்சிட வேண்டும். அதுகூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இரண்டு டிவிக்கும் பொதுவாகத் தெரிந்ததைத்தான் ஸ்பிளிட்டர் அனுப்பும், எச்டி டிவிக்குத் தெரிந்தது பழைய பூட்டு, அதனால் இரண்டுக்கும் எச்டி. 4கே ஸ்டிக்கை ஸ்பிளிட்டரிலிருந்து எடுத்து ஹால் டிவியில் நேராகச் செருகுங்கள். செட்டாப் பாக்ஸை மட்டும் ஸ்பிளிட்டரில் விட்டு, அதன் செட்டிங்கில் 1080ஐ என்று நிலையாக வையுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். ‘படமே இல்லை’ என்ற தொல்லைக்கு, முதலில் டிவிகள், அப்புறம் ஸ்பிளிட்டர், கடைசியில் பாக்ஸ் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். படுக்கையறைக்குச் சின்னதாக ஒரு எச்டி ஸ்டிக் தனியாக வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குப் படம் போடப் பழைய ஆபீஸ் புரொஜெக்டர் வாங்கினேன், விஜிஏ மட்டும்தான். எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் போட்டால் ஸ்டிக்கின் முகப்பு தெரிகிறது, ஓடிடி படம் போட்டால் சத்தம் மட்டும். (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: விஜிஏ என்பது பழைய கம்ப்யூட்டர் இணைப்பு, அதில் பூட்டு கிடையாது, அதனால் பூட்டுள்ள படத்தை ஸ்டிக் விடவில்லை. முகப்புக்குப் பூட்டு இல்லை, அதனால் அது தெரிகிறது. லேப்டாப்பில் உங்கள் சொந்த வீடியோக்கள், பென் டிரைவ் படங்கள் எல்லாம் அதே புரொஜெக்டரில் தாராளமாக ஓடும். ஓடிடி வேண்டுமென்றால் புரொஜெக்டரை மாற்றத்தான் வேண்டும். பழையது வாங்கும்போது டிவிஐ (DVI) துளை இருந்து, கையேட்டில் எச்டிசிபி என்றும் எழுதியிருந்தால் போதும். எச்டிஎம்ஐ-டிவிஐ அடாப்டர் மலிவுதான், சத்தத்துக்கு மட்டும் தனி ஸ்பீக்கர் தேவைப்படும். ஸ்டிக்கைக் கையோடு எடுத்துப்போய் ஒரு ஓடிடி படம் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த புளூ-ரே டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடவில்லை. ஏன்? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இது மண்டலப் பூட்டு. புளூ-ரேயில் சிங்கப்பூர் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். டிஸ்க் உறையின் பின்னால் மண்டலக் குறிக்குள் எந்த எழுத்து என்று பாருங்கள், ஏ மட்டும் இருந்தால் உங்கள் பிளேயரில் ஓடாது, ஏபிசி மூன்றும் இருந்தால் ஓடும். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. உங்களிடம் 4கே பிளேயர் இருந்தால் அடுத்த தடவை அண்ணனிடம் அதையே வாங்கிவரச் சொல்லுங்கள்.